பத்து மணி மாத்திரை

1971 டிசம்பர் சண்டைக்குச் சில நாள் முன்னால், விசாகப்பட்டினத்துப் பக்கமிருந்து ஒரு செய்தி வானலையில் போனது. விக்ராந்த் கப்பலில் இருக்கும் ஒரு மாலுமி, தன் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசமாமே, இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதாகச் செய்தி. சங்கேதம் எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் காதில் வாங்கலாம். அப்படி ஒரு மாலுமியும் இல்லை, அம்மாவும் இல்லை. அனுப்பியது ராஜ்புத் என்ற பழைய போர்க்கப்பல். விக்ராந்த் அந்த நேரம் அந்தமான் பக்கம் மறைந்து கிடந்தது. அதைத் தேடி வரும் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கே வரட்டும் என்று வைத்த பொறி அது. காஸி வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவையொட்டித் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாட்டுக்கும் இன்றுவரை ஒத்த பேச்சில்லை.

இதை எனக்குச் சொன்னவர் அந்த நாளில் நிஜ விக்ராந்தில் சிக்னல்மேனாக இருந்தவர். "இல்லாத அம்மாவுக்கு இல்லாத சீக்கு, அதுக்கு ஒரு விசாரிப்பு" என்று சிரித்தபடிதான் ஆரம்பிப்பார். காஸியில் இருந்த ஆட்களைப் பற்றி வரும்போது குரல் இறங்கிவிடும். "அவங்களும் காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்த பசங்கதானே தம்பி."

தலைச்சோலையில் அவரைக் கப்பல்காரர் என்றால்தான் தெரியும். ஏற்காட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையில், அண்ணாமலையார் கோயில் மலையைப் பார்த்தபடி அவர் வீடு. அப்பா எஸ்டேட்டில் ரைட்டர். பதினாறு பதினேழு வயதில் விசாகப்பட்டினத்தில் கடற்படைப் பையன்கள் பயிற்சிக்குப் போனார். பிறகு கொச்சியில் சிக்னல் பள்ளி, பிறகு கப்பல் கப்பலாகப் பதினைந்து வருஷம். 1981-இல் பென்ஷனோடு மலைக்குத் திரும்பியவர், மனைவி பெயரில் இருந்த கொஞ்சம் காப்பி, நாலு சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு, பத்துப் பதினைந்து ஆரஞ்சு மரம் என்று உட்கார்ந்துவிட்டார். கடலுக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர் மேலே வந்து ஒரு மாலுமிக்கு என்ன வேலை என்று கேட்டால், "இங்கயும் மூடுபனிதான், அங்கயும் மூடுபனிதான், இங்க வாந்தி வராது" என்பார்.

நான் ஏற்காடு டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். அவர் எனக்கு மாமா, அவர் மனைவி அத்தை. ரத்த உறவு கிடையாது, மலையில் அது தேவையும் கிடையாது. மாதத்தில் ஒருநாள் ராணுவ கேன்டீன் கோட்டா வாங்கச் சேலம் இறங்கும்போதும் ஏறும்போதும் கடையில் ஐந்து நிமிஷம் நிற்பார். அவர் நோயின் கதையை முழுக்கப் பார்த்தவர்கள் இரண்டு பேர். அத்தை உள்ளிருந்து பார்த்தார். நான் கல்லாவுக்கு இந்தப் பக்கமிருந்து, மாத்திரைச் சீட்டுகள் வழியாகப் பார்த்தேன்.

நோய் எப்போது தொடங்கியது என்று கேட்டால் எல்லாரும் கை நடுங்கிய 2003-ஐச் சொல்வார்கள். அத்தை அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால் போவார். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் ஒரு வாரம் பத்து நாளில் காப்பிச் செடியெல்லாம் ஒரே நேரத்தில் பூக்கும். கிளை தெரியாமல் வெள்ளை. மல்லிகையும் இல்லாத, ஆரஞ்சுப் பூவும் இல்லாத ஒரு வாசனை. ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். அப்படி ஒரு காலையில் மாமா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "இந்த வருஷம் பூவுல வாசமே இல்லையே" என்றாராம். அத்தைக்கு மூக்கைத் துளைக்கும் வாசம். ஜலதோஷம் என்று நினைத்தார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்.

இன்னொன்றும் இருந்தது. தூக்கத்தில் கத்துவார், காலால் உதைப்பார். ஒருமுறை சுவரில் குத்தி விரல் வீங்கிவிட்டது. சண்டை பார்த்த மனுஷன், அந்த ஞாபகம் விடவில்லை என்று ஊர் சொன்னது. அத்தையும் அப்படித்தான் நம்பினார். கனவு காணும்போது உடம்பை அசையாமல் கட்டிவைக்கும் மூளையின் பூட்டு தளர்ந்தால் இப்படி நடக்கும். வாசனை போவதும் தூக்கத்தில் அடிப்பதும் மலச்சிக்கலும் பார்க்கின்சன் நோய்க்குப் பல வருஷம் முன்னால் வரக்கூடிய அறிகுறிகள். இதெல்லாம் இன்று எந்த நரம்பு டாக்டரும் சொல்வார். அன்று எங்கள் மலையில் சொல்ல ஆளில்லை. கை நடுங்கும்போதுதான் நோய் என்று பெயர் வைக்கிறோம். அதற்குள் மூளையின் அடித்தண்டில் டோபமைன் சுரக்கிற அந்தச் சின்னக் கரிய பகுதியில் பாதிக்கு மேல் செல்கள் செத்திருக்கும்.

எனக்கு முதலில் உறுத்தியது நடுக்கம் அல்ல. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்கு நடந்து வருவார். இடது கை வீசும், வலது கை தொடையோடு ஒட்டிக்கொண்டு வரும். பரேடு பழகிய உடம்பில் ஒரு கை வீசாமல் இருப்பது பளிச்சென்று தெரிந்தது. தோள்வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சேலத்தில் ஒருவர் தோள் இறுகியிருக்கிறது என்று ஊசி போட்டார். பிறகு முகம் இறுக ஆரம்பித்தது. சிரிப்பு வருவதற்குள் பேச்சு முடிந்துவிடும். "கப்பல்காரருக்கு இப்பல்லாம் ரொம்பத் திமிரு" என்று டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். அந்த முகம்கூட நோயின் ஒரு பகுதிதான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் சேலத்தில் ஒரு நரம்பு மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. எழுத்தைப் பார்த்தாராம். வரி தொடங்கும்போது பெரிதாக இருந்த எழுத்து முடியும்போது கடுகாகியிருந்தது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறே நோயாளிகளை வைத்து இந்த நோயைப் பற்றி எழுதினார்; அவர்களில் சிலரைத் தெருவில் நடந்து போகும்போது பார்த்ததோடு சரி. இன்றும் இந்த நோய் முக்கால்வாசி கண்ணால் பார்த்துச் சொல்கிற நோய்தான்.

அந்தக் கடுகெழுத்து அவரை வேறு ஒரு இடத்திலும் மாட்டிவிட்டது. பென்ஷன்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருப்பதாக லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். வங்கியில் கவுன்டரில் இருந்தவர் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று தாளைத் திருப்பித் தள்ளினார். எதிரே நிற்கிற மனிதர் முப்பது வருஷமாக வருகிறவர். இன்னொரு தாள், இன்னொரு கையெழுத்து. கூடக் கூட நடுங்கியது. அத்தைதான் மேனேஜர் அறைக்குள் போய், "ஆள் நிக்கிறாரு, கையெழுத்துதான் செத்துப்போச்சு" என்றார். கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். மூன்று மொழியில் சிக்னல் எழுதியவர் கட்டைவிரலை மையில் தோய்த்ததை நான் கூட இருந்து பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து விரலைத் துடைத்தபடி காப்பி சாப்பிடலாமா என்றார். 2014 நவம்பரில் விரல்ரேகை இயந்திரத்தோடு ஜீவன் பிரமாண் வந்தது. நடுங்கும் விரலை அந்தக் கண்ணாடியில் நிறுத்திப் பிடிக்க இன்னொருவர் வேண்டும், அதுவும் அத்தைதான்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இந்த நோயின் வாழ்க்கை என்பது மாத்திரையின் மணிக்கணக்கு. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை. கடையில் சின்டோபா என்று கேட்பார்கள். மூளைக்குள் போய் லெவோடோபா டோபமைனாக மாறும். கார்பிடோபா அது வழியிலேயே மாறிவிடாமல் காவல் காக்கும். உள்ளே போய் அரைமணி முக்கால் மணியில் இறுகிய உடம்பின் பூட்டுத் திறக்கும், மூன்று நான்கு மணி நேரத்தில் மறுபடி சாத்திக்கொள்ளும். முதல் சில வருஷங்கள் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. தேனிலவுக் காலம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். எட்டு பத்து வருஷம் போனால் பத்து மணி மாத்திரையைப் பத்தரைக்குக் கொடுத்தால் அந்த அரைமணி முழுக்க மனிதர் நாற்காலியில் கல்லாகிக் கிடப்பார். அதோடு பருப்பும் பாலும் முட்டையும் மாத்திரைக்குப் போட்டி. புரதமும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக ஒரே கதவைத்தான் தட்ட வேண்டும். ஆகவே சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் மாத்திரை. இட்லி சரி, சாம்பார் அளவோடு.

இந்த மணிக்கணக்கு மற்ற நோயாளிகளை நொறுக்கிவிடும். மாமாவுக்கு அது புதிதாக இல்லை. கப்பலில் நாளை நான்கு நான்கு மணியாக அறுத்து வாட்ச் போடுவார்கள். நள்ளிரவிலிருந்து நாலு வரை மிடில் வாட்ச், நாலிலிருந்து எட்டு வரை மார்னிங் வாட்ச் என்று போகும். சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை மட்டும் இரண்டு இரண்டு மணியாக உடைத்து டாக் வாட்ச். அப்படி உடைத்தால்தான் நாளுக்கு ஏழு வாட்ச் ஆகும், ஒரே ஆளுக்குத் தினமும் அந்தப் பாழாய்ப்போன மிடில் வாட்ச் விழாது. அவர் இதை எனக்கு விளக்கி, கடை பில்லின் பின்புறம் தன் மாத்திரைகளை அதே மாதிரி பிரித்துப் போட்டார். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. அதை வீட்டில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். தாள் கிழிந்து கிழிந்து அத்தை கையெழுத்தில் மாறியது, மணி மாறவில்லை.

மாத்திரை மலைக்கு ஏறுவது தனிக் கதை. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். திட்டம் 2003 ஏப்ரலில் வந்தது. சேலம் பாலிகிளினிக்கில் மாத மருந்து. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற வேண்டும். காலையில் அவர் உடம்பு திறந்திருக்கும் நேரத்தில் பஸ்ஸைப் பிடித்து, அடிவாரம் போவதற்குள் பத்து மணி மாத்திரையை பஸ்ஸிலேயே கொடுத்து, மறுபடி சாத்துவதற்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து ரோடு அடைத்தால் முடிந்தது. அதனால் பத்து நாள் மருந்து எப்போதும் என் கடையில் தனி டப்பாவில் இருக்கும். தீர்கிற மாதிரி இருந்தால் அத்தை போன் செய்வார். நான் சீட்டுகளைக் காகிதத்தில் மடித்து, மேலே "கப்பல்காரர்" என்று எழுதி, அந்தப் பக்கம் போகும் பஸ் கண்டக்டர் கையில் கொடுப்பேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை. எங்கள் மலை பஸ் கண்டக்டர்களைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் இந்த ஒன்றுக்காக நான் சண்டைக்குப் போவேன்.

நடுவில் ஒருவர் பூனைக்காலி விதைப்பொடி கொண்டுவந்து கொடுத்தார். காய் மேல் உள்ள சுணை பட்டால் தோலை உரித்துப்போட்டாலும் போதாது என்கிற அளவு அரிக்கும் கொடி அது. எங்கள் சேர்வராயன் மலையடிவாரக் காட்டில் வேலியெல்லாம் கிடக்கும். அதில் விஷயம் இல்லாமலில்லை. அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்ததாக 1937-இல் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் ஆய்வகத்துக்காரர்கள், தாமோதரனும் ராமசாமியும். டோபமைன் மூளையில் என்ன செய்கிறது என்று ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் கண்டுபிடித்ததே 1957-க்குப் பக்கத்தில்தான். அதற்கு 2000-இல் நோபல் கிடைத்தது. மருந்து நம்மூரில் கையில் இருந்தது, நோய்க்கு அதுதான் சாவி என்று அப்போது யாருக்கும் தெரியாது. சிக்கல் என்னவென்றால், பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று ஸ்பூனுக்குத் தெரியாது. மாத்திரையோடு பொடியும் சேர்ந்து இரண்டு நாளில் மாமாவின் தலையும் தோளும் தானாக ஆட ஆரம்பித்தன. நடுக்கம் வேறு, இந்த ஆட்டம் வேறு. மருந்து அதிகமானால் வருவது. டாக்டர் பொடியை நிறுத்தச் சொன்னார், ஆட்டம் அடங்கியது.

எதனால் வந்தது என்று அவர் அடிக்கடி கேட்பார். காப்பி குடிப்பவர்களுக்கு இந்த நோய் குறைவு என்று ஹவாயில் எட்டாயிரம் பேரை முப்பது வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2000-இல் வந்தது. அதை நான் சொன்னபோது, காப்பிக்காட்டில் பிறந்து தினம் ஆறு டம்ளர் குடித்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். களைக்கொல்லி, பூச்சிமருந்து மேல் சந்தேகம் உண்டு. பாராகுவாட் பெயர் அதில் முதலில் வரும். தோட்ட மலையில் அதைக் கையால் தொடாதவர் குறைவு. அவர் இறந்த பிறகு 2023-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. கேம்ப் லெஜூன் என்ற மரைன் படை முகாமில் எண்ணெய்ப்பிசுக்கு எடுக்கும் டிரைகுளோரோஎத்திலீன் குடிநீரில் கலந்திருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு, வேறு முகாமில் இருந்தவர்களைவிட, பார்க்கின்சன் 70 சதவீதம் அதிகம். கப்பலில் துணியை எதிலோ நனைத்துக் கருவிகளைத் துடைப்போம் என்று மாமா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அது எது என்று கேட்க ஆளில்லை. தனி ஒரு மனிதருக்கு ஏன் வந்தது என்பதற்குப் பெரும்பாலும் பதில் கிடையாது.

சிக்னல்மேன் ஆயிற்றே, பேச்சு போன பிறகு மோர்ஸ் தட்டிப் பேசியிருப்பாரே என்று எல்லாரும் கேட்கிறார்கள். சினிமாவில் அப்படித்தான் எடுப்பார்கள். இந்த நோயில் விரல் தட்டத் தட்டத் தட்டு சிறுத்துக்கொண்டே போகும். நாலாவது தட்டில் புள்ளிக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் இருக்காது. முயன்று பார்த்தார், விட்டுவிட்டார்.

உதவியது வேறு. வாசற்படிக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். மேல் உடம்பு போகும், கால் போகாது, விழுவார். இரண்டு தடவை நெற்றியில் தையல். டாக்டர் தரையில் குறுக்குக்கோடு போடச் சொன்னார். அத்தை கோலமாவை எடுத்துக் கூடத்திலிருந்து கழிவறை வரைக்கும் ஒரு அடிக்கு ஒரு வெள்ளைக்கோடு போட்டார். மாமா கோட்டைப் பார்த்தார், காலைத் தூக்கினார், தாண்டினார். அடுத்த கோடு, அடுத்த கால். என் கண் முன்னால் நடந்ததைத்தான் சொல்கிறேன்: ஒரு நிமிஷம் முன்பு தரையில் ஆணியடித்த மாதிரி நின்றவர். தானாக நடக்கும் பாதை மூளையில் பழுதானாலும், கண் பார்த்து, எண்ணி எடுத்துவைக்கும் பாதை வேறு வழியாகப் போகிறதாம். கோலமாவு எறும்புக்குப் போய்விடும் என்பதால் பிறகு வெள்ளைப் பெயின்ட்.

கோடு இல்லாத இடத்துக்குச் சத்தம். பரேடு கணக்கு, "ஏக், தோ, ஏக்". ஹிந்தியில் வேறு ஒரு வார்த்தை தெரியாத அத்தை, கோயில் படியிலும் பஸ் ஸ்டாப்பிலும் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு "ஏக், தோ, ஏக்" என்று உரக்கச் சொல்லி நடத்திக்கொண்டு போவார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அவர்களே சேர்ந்து சொன்னார்கள். சட்டைப் பித்தான்களைப் பிரித்துவிட்டு உள்ளே பிரஸ் பட்டன் தைத்து, மேலே பழைய பித்தானை ஒப்புக்குத் தைத்துவைத்ததும் அத்தை வேலைதான். வெளியே பார்த்தால் முழுச்சட்டை போட்ட பழைய நேவிக்காரர்.

ஒரு வருஷம் காய்ச்சலும் வாந்தியுமாகக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம், எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கிறதுதான். வீட்டு மாத்திரையை வார்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் கொடுக்கும் நேரத்தில்தான் இவருக்கும்: காலை, மதியம், இரவு. ஐந்து வேளை மூன்றாயிற்று. வாந்திக்கு ஊசி வேறு. சாயங்காலம் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எச்சில் விழுங்க முடியவில்லை, கண் மட்டும் அசைந்தது. வயசாயிற்று, முற்றிவிட்டது என்றார்கள். அத்தை நம்பவில்லை. "நேத்து வரைக்கும் கோடு தாண்டுன மனுஷன்" என்று எனக்குப் போன் செய்தார். ஊசி பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, எழுத்துக் கூட்டிப் படிங்க என்றேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மெட்டோகுளோபிரமைடு. வாந்திக்கு நல்ல மருந்து. ஆனால் டோபமைனைத் தடுத்துத்தான் வாந்தியை நிறுத்துகிறது, மூளைக்குள்ளும் போய்விடும். ஏற்கெனவே டோபமைன் இல்லாமல் தவிக்கிற ஆளுக்கு அது போகக் கூடாது. டியூட்டியில் இருந்த இளம் பெண் டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். மருந்துக்கடைக்காரன் சொல்வதைக் காதில் வாங்குவாரோ என்று பயம். வாங்கினார். ஊசியை நிறுத்தினார், மாத்திரையைக் கரைத்து மூக்குக்குழாய் வழியாகப் பழைய மணிக்கே கொடுக்கவைத்தார். மூன்றாம் நாள் மாமா தானாக உட்கார்ந்தார். அந்தப் பெண்ணுக்கு ஆரஞ்சு சீசனில் ஒரு கூடை பழம் போனது.

1997 ஜனவரியில் விக்ராந்துக்கு ஓய்வு கொடுத்து மும்பையில் பொருட்காட்சியாக நிறுத்தியிருந்தார்கள். பிறகு அதையும் நடத்த முடியாமல் 2014-இல் உடைக்கக் கொடுத்தார்கள். அந்த இரும்பில் கொஞ்சத்தைச் சேர்த்து பஜாஜ் நிறுவனம் 2016-இல் வி என்று ஒரு பைக் விட்டது. எங்கள் மலையில் ஒரு பையன் அதை வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போவதற்கு முன் மாமா வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். நானும் இருந்தேன். கோடு தாண்டித் தாண்டி வந்து, டேங்கின் மேல் கையை வைத்தார். கை நடுக்கத்தில் மோதிரம் டக்டக்கென்று தகரத்தில் தட்டியது. இன்ஜின் ஓடுகிறதோ என்று பையன் சாவியைப் பார்த்தான். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. முகத்துக்கு வரவில்லை, தோள் குலுங்கியதில் தெரிந்தது. "ஆயிரம் பேர் இருந்தோம் அதுல" என்றார். குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும் குரல். அவ்வளவுதான் சொன்னார்.

2019 ஜனவரி, காப்பிப்பழம் பறிக்கும் நேரம். விழுங்கும்போது கஞ்சி தவறிப் போய் நுரையீரலில் சளி கட்டியது. பார்க்கின்சன் பெரும்பாலும் தானாகக் கொல்வதில்லை, இப்படித்தான் கொண்டுபோகும். கடைசி மாத்திரை, அத்தை கணக்குப்படி, இரவு பத்து மணிக்குரியது. பத்து மணிக்கே கொடுத்திருக்கிறார். சேலத்திலிருந்து முன்னாள் படைவீரர்கள் நாலைந்து பேர் மாலையோடு வந்து சல்யூட் அடித்தார்கள். வேட்டு, பிகில் எதுவும் இல்லை.

அவரைப் பற்றிப் பேசும்போது, நேவி ஒழுங்குதான் பதினாறு வருஷம் அவரை ஓட்டியது என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கப்பலில் யாரும் இருபத்துநாலு மணி நேரமும் வாட்ச் பார்ப்பதில்லை. நாலு மணி நேரத்தில் அடுத்த ஆள் வந்து மாற்றிவிடுவான். அத்தையை மாற்ற யாரும் வரவில்லை. இரவில் இரண்டு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, ஆறு மணிக்கு முதல் மாத்திரை கொடுத்து, எட்டு மணிக்குத் தோட்டத்துக்கு இறங்கியவர். அவருக்குச் சர்க்கரை 300-க்கு மேல் இருந்தது மாமா போன பிறகுதான் தெரிந்தது. சோதிக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இப்போது குடும்ப பென்ஷன் வருகிறது. நவம்பரில் அவர் தன் லைஃப் சர்டிபிகேட்டைத் தானே போய்க் கொடுக்கிறார். சர்க்கரை மாத்திரையை மட்டும் நேரத்துக்குப் போடுவதில்லை, நான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் இந்த நோய்க்காரர் ஒருவர் இருந்தால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு அட்டையில் மாத்திரையின் பெயர், அளவு, மணி மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடியில் சிவப்பு மையில், மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால் இவை கொடுக்கக் கூடாது, வாந்திக்கு வேறு மருந்து உண்டு, எங்கள் நரம்பு மருத்துவரைக் கேளுங்கள் என்று எழுதி அவர் போன் நம்பரையும் போடுங்கள். லேமினேட் செய்து ஆஸ்பத்திரிப் பையிலேயே வையுங்கள். சேர்க்கிற அன்று வார்டு சிஸ்டர் கையில் கொடுத்து, இந்த மணிக்கே வேண்டும் என்று சொல்லுங்கள். ஒருமுறை சொல்லி நடக்காவிட்டால் இரண்டாம் முறை உரக்கச் சொல்லுங்கள்.